பதினேழா, பதினெட்டா

மஸ்கட்டில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் பஞ்சாபகேசன் மாட்டுங்காக்காரர். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, "ஓய், உங்க தாராவியிலே ஒருத்தன் பண்ணியிருக்கற காரியத்தைக் கேட்டேளா?" என்று ஆரம்பித்தார். ஊரில் அவர் மனைவிக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கும் பெண் சொன்னதாம். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. பட்டாளத்திலிருந்து ஓடிவந்த மகனை ஒருவன் தன் வீட்டு மாலாவில், அதாவது அறைக்கு மேலே பலகை அடித்துக் கட்டும் அந்தப் பரணில், ஒளித்து வைத்திருக்கிறானாம். போலீஸ் வந்தால் சந்து முனையில் கட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி பேனரைக் காட்டி அழுகிறானாம். ஒன்று போதாதென்று வேறு தேதி போட்டு இரண்டாவது பேனரும் கட்டிவிட்டானாம். "ரெண்டு தரம் சாகடிச்சா ஒரு தரமாவது நம்புவான்னு நெனச்சுண்டான் போலருக்கு" என்று சிரித்துவிட்டு ஊறுகாயைத் தேடினார்.

அந்த ஆளின் பெயர் மிக்கேல்ராஜ் என்று நான் சொல்லவில்லை. அவர் வீடும் எங்கள் பழைய வீடும் ஒரே சுவர் என்பதையும் சொல்லவில்லை. முதல் பேனரின் படத்தை ராணுவத்துக்கு அனுப்பச் சொன்னவன் நான்தான் என்பதை நிச்சயமாகச் சொல்லவில்லை. டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனேன். அன்று மாலை வரை ஒரு வேலையும் ஓடவில்லை.

மிக்கேல் அண்ணன் ராதாபுரம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் தாராவிக்கு வந்தவர். இப்போது ஐம்பத்தைந்து. இருபத்திரண்டு வருஷமாக தொண்ணூறடி ரோட்டில் ரஷீதா ஆபாவின் ஃப்ளெக்ஸ் கடையில் மிஷின் ஓட்டுகிறார். கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேனர் அமைப்பவள் மெஹக் என்கிற பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது. வாட்ஸ்அப்பில் வரும் எழுத்துகளை வெட்டி ஒட்டுவாள், கொம்பும் காலும் இடம் மாறி விழும். அதனால் மிஷினுக்குப் போகும் முன் ஒவ்வொரு தமிழ்ப் பேனரையும் அண்ணன்தான் வாசித்துச் சரி பார்ப்பார். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாவற்றையும் ஒரு தடவை வாசிப்பார். சாவுப் பேனரை மட்டும் மூன்று தடவை. அந்த வீட்டு ஆள் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, 'தோற்றம்', 'மறைவு' என்ற இரண்டு தேதிகளையும் திரையில் விரலால் தொடச் சொல்வார். பதினாறாம் நாள், முப்பதாம் நாள் என்று போட்டிருந்தால், மறைவுத் தேதியிலிருந்து கட்டைவிரலால் கணுக்கணுவாக எண்ணிப் பார்ப்பார். கணக்கு இடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"சிக்னல்ல நிக்கவனுக்கு வேற என்ன சோலி? எண்ணிப் பாக்கத்தான் செய்வான்" என்பார். நான் சின்னப் பையனாக அவரோடு மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்த நாட்களில், மற்றக் கடைகள் போட்ட பேனர்களைக் காட்டிக் கேலி செய்வார். பதினாறாம் நாள் என்று போட்டு பதினெட்டாம் நாள் சோறு போடுகிற வீடுகள் அவருக்கு மனப்பாடம்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கிளாரா. இளையவன் ஏஞ்சலோ. பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தான். அக்காவின் கல்யாணத்துக்கு இருபது நாள் லீவில் வந்தான். ஆகஸ்ட் பதினேழாம் தேதியோடு லீவு முடிகிறது. பதினான்கே ரயிலேறி, பதினேழு சாயங்காலம் வடக்கே ஒரு மலையடிவாரத்தில் இருக்கும் ட்ரான்ஸிட் கேம்புக்குப் போய்ச் சேர்ந்தான். லீவிலிருந்து திரும்புகிறவர்கள் அங்கே பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் படுப்பார்கள், மறுநாள் லாரி வரிசை மேலே கூட்டிப் போகும். ஏழு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தான். வந்து சேர்ந்துவிட்டேன், கல்யாண ஆல்பம் வந்ததா என்று கேட்டான். மறுநாள், பதினெட்டாம் தேதி, காலை ஒன்பதரைக்கு மலை சரிந்து கேம்பின் மேல் விழுந்தது.

பதிவேடு மண்ணோடு போய்விட்டது. ஆனால் அதன் நகல் ஒன்று தினமும் மதியம் மேலிடத்துக்குப் போகும். பதினேழாம் தேதி மதியம் போன நகலை வைத்துத்தான் இறந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். பதினொரு பெயர். ஏஞ்சலோ வந்தது சாயங்காலம். காகிதத்தின்படி அவன் கேம்புக்கு வரவே இல்லை.

அவன் உடல் கிடைக்கவில்லை, அவனுடைய பை கிடைத்தது. அதைப் பற்றிப் பட்டாளத்தின் ரெக்கார்ட் ஆபீஸ் எழுதிய கடிதத்தை முதலில் வாசித்தது நான்தான், என் போனில். தாராவியில் ஏழாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு மாட்டுங்காவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று படித்ததால், சுற்றுவட்டாரத்தில் யாருக்கு இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் எனக்கு வரும். பை இருந்ததற்குச் சான்று இருக்கிறது, பைக்கு உரியவர் இருந்ததற்குச் சான்று இல்லை என்று எழுதியிருந்தார்கள். பை விசாரணைப் பொருளாக வைக்கப்படும், திருப்பித் தரப்படாது. உள்ளே இருந்தவற்றின் பட்டியலில் ஏழாவது: ஸ்டீல் டப்பா ஒன்று, மூடிய நிலையில்; உள்ளே உணவுப் பொருள், கெட்டுப்போனது.

முறுக்கு. அண்ணனின் மனைவி சேசம்மா மைனி சுட்டுக் கொடுத்தது. அந்த வரியை நான் தமிழில் சொன்னபோது மைனி போனில், "தொறக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

கேம்பில் சமையலுக்கு இருந்த ஓர் ஆள் பிழைத்திருந்தான். ரொட்டி வேண்டாம், சோறு இருக்கிறதா என்று கேட்ட பம்பாய்ப் பையனை அவனுக்கு நினைவிருந்தது. ஆனால் அவன் உள்ளூரில் கூலிக்கு அமர்த்திய ஆள், படையைச் சேர்ந்தவன் இல்லை. படை விசாரணையில் அவன் வாக்குமூலத்தை எடுக்க விதி இல்லை. ஏஞ்சலோவோடு ஒரே லாரியில் ஓடிய நண்பன் ஒருவன் இதையெல்லாம் ரகசியமாகப் போனில் சொல்லி அழுதான். செப்டம்பர் பிறந்ததும், இனி பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று அண்ணன் முடிவு செய்தார். கோயிலில் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி, பிறகு சாப்பாடு. சந்து முனையில் எட்டுக்கு ஆறு பேனர். ஏஞ்சலோ யூனிஃபார்மில் சிரிக்கிறான். தோற்றம், மறைவு. மறைவு: ஆகஸ்ட் 17.

இரண்டு வாரம் கழித்து ஏஞ்சலோ பெயருக்கே ஒரு ரெஜிஸ்டர் தபால் வந்தது. லீவு முடிந்தும் ஏன் திரும்பவில்லை என்பதற்கு முப்பது நாளுக்குள் கைப்பட விளக்கம் எழுத வேண்டும் என்று அதில் இருந்ததாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டிய தபால் அது. தபால்காரர் பேனரையும் பார்த்தார், தபாலையும் பார்த்தார். இறந்துவிட்டார் என்று எழுத வேண்டுமானால் சான்றிதழ் காட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இல்லை என்றுதான் எழுத முடியும் என்றார். அப்படியே எழுதினார். கடிதத்தை வாங்காமல் நழுவுகிறார் என்று ரெக்கார்ட் ஆபீஸ் குறித்துக்கொண்டது. நவம்பரில், ஓடிப்போனவன் என்று அறிவித்து, பிடித்துத் தரும்படி தாராவி போலீசுக்குப் படிவம் அனுப்பிவிட்டது. உயரம், நிறம், வலது புருவத்தில் தழும்பு, கடைசியாக அணிந்திருந்த உடை: தெரியவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் வந்தார். மாலா ஏணியில் ஏறிப் பார்த்தார். மைனி மாலாவில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைப்பாள், மேலே மலைபோலப் பைகள். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, மைனி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை வந்தார். மான்குர்தில் கிளாராவின் மாமியார் வீட்டுக்கும் போனார்.

அண்ணனுக்கு வேண்டியது ஒன்றுதான். நிலச்சரிவில் இறந்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு கல் நட்டிருந்தார்கள். நண்பன் படம் எடுத்து அனுப்பியிருந்தான். பதினொரு பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. அதை எனக்கு அனுப்பிவிட்டு அண்ணன் போன் செய்தார். "கீழ மார்ஜின் ரொம்ப விட்டிருக்கான் தம்பி. பன்னெண்டாவது வரிக்கு எடம் இருக்கு. எழுத்தச் சிறுசாக்க வேண்டாம்." பிறகு, "பணம் காசுன்னு ஒரு வரி எழுதிராத. பேரு மட்டும் கேளு" என்றார்.

நான் எழுதினேன். எழுதி எழுதித் திருத்தினேன். வெளியூரில் இருக்கிறவனுக்கு இது ஒரு வியாதி. பக்கத்தில் இருந்து எதுவும் செய்ய முடியாது என்பதால், செய்கிற ஒன்றைப் பத்து மடங்காகச் செய்வோம். நண்பன் சொன்னது, பை, சமையல்காரன், தொலைபேசி அழைப்பின் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தேன். குடும்பம் அவன் இறப்பை ஏற்று, ஊரறியத் திருப்பலி வைத்திருக்கிறது, மறைக்கவில்லை என்று காட்டுவதற்குப் பேனரையும் ஒரு படம் எடுத்து இணைக்கச் சொன்னேன். புத்திசாலித்தனமான யோசனை என்று அன்று தோன்றியது.

பிப்ரவரியில் பதில் வந்தது. அதைத் தமிழாக்கினால் இப்படி வரும்: "தங்கள் குடும்பமே பொதுவில் வெளியிட்ட அறிவிப்பின்படி மேற்படி நபர் 17-ஆம் தேதி இறந்துள்ளார். அன்று அவர் அனுமதிக்கப்பட்ட விடுப்பில் இருந்தார். 17-ஆம் தேதி இறந்த ஒருவர் 18-ஆம் தேதி நிகழ்ந்த நிலச்சரிவில் இறந்திருக்க இயலாது. எனவே அவர் பெயரைச் சேர்க்க வழியில்லை. விடுப்பில் இறந்ததற்கு மாநகராட்சிச் சான்றிதழ் அளிக்கப்படாததால், 18-ஆம் தேதி பணிக்குத் திரும்பாத குற்றமும் நிலுவையில் உள்ளது."

மூன்று தடவை வாசித்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை. அண்ணனைக் கூப்பிட்டு, நிலச்சரிவு பதினெட்டு என்று நமக்குத் தெரியுமே, பேனரில் ஏன் பதினேழு போட்டீர்கள் என்று கேட்டேன்.

அவர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து சொன்னார். ஆகஸ்ட் பதினெட்டிலிருந்து எண்ணினால் முப்பதாம் நாள் செப்டம்பர் பதினாறு. அன்று கோயில் ஹாலில் ஒரு கல்யாணம். பதினைந்தாம் தேதிதான் கிடைத்தது. சரி, ஒரு நாள் முன்னால் வைப்போம் என்று ஒப்புக்கொண்டார். பேனர் அமைக்கும்போது எண்ணிப் பார்த்தார். பதினெட்டு என்று போட்டால் இருபத்தொன்பதாம் நாளாகிறது. முப்பதாம் நாள் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கீழே தேதி இடித்தால்?

"ஊரெல்லாம் தப்புன்னு சிரிச்சவன் நான். எம் பிள்ளைக்கித் தப்பா அடிக்கச் சொல்லுதியா?" என்றார். "ரஷீதா ஆபா சொன்னா, தேதியே போடாத மிக்கேல், மொகம் இருந்தா போதும்னு. கேக்கல. கணக்கு உக்காரணும்னு ஒரு நாளக் கொறச்சிட்டேன் தம்பி."

பிழை இருந்தால் அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் வெளியிட்டு, படம் மூன்று பிரதி அனுப்பலாம் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. ஆகவே மார்ச் மாதம் அண்ணன் தன் மகனுக்கு இரண்டாவது கண்ணீர் அஞ்சலி அடித்தார். சாவுப் பேனரில் திருத்தம் போடுவதற்குக் கடையில் மாதிரி எதுவும் இல்லை. மெஹக், "அதே ஃபோட்டோவா சாச்சா?" என்று கேட்டாளாம். அதே போட்டோ. மறைவு: ஆகஸ்ட் 18. மேலே சின்னதாக, முந்தைய அறிவிப்பில் தேதி தவறுதலாக இடம்பெற்றது என்று ஒரு வரி. தன் விரலாலேயே தேதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிஷினை ஓட்டினார்.

அவர் ஏணியில் நின்று பேனர் கட்டும்போது, கீழே பீடா விற்கும் பான்பட்டிக் கடையில் நின்ற ஒருவன், "என்ன மிக்கேலு, ஒம்மவன் தெனம் சாவானோ?" என்று கேட்டிருக்கிறான். அண்ணன் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கி வந்தார். பஞ்சாபகேசன் காதுக்கு மஸ்கட் வரை வந்தது அன்று கிளம்பிய பேச்சாகத்தான் இருக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் மறுபடி பதில் வந்தது. குடும்பம் இரு வேறு தேதிகளுடன் இரு அறிவிப்புகளை வெளியிட்டிருக்கிறது; எது சரி என்று தீர்மானிக்கும் அதிகாரம் இவ்வலுவலகத்துக்கு இல்லை. படைவீரர் தன் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்று எழுதியிருப்பது தாயாரை. ஆகவே தாயார்தான் உறுதி கூற வேண்டும். அடுத்த பத்தியில், "இதற்கிடையில் காவல்துறை அறிக்கைகளின்படி, மகன் எங்கே என்று கேட்கப்பட்ட ஆறு முறையும் தாயார் 'இன்னும் வரவில்லை' என்று பதிலளித்துள்ளார்" என்று இருந்தது.

நான் மே மாதம் லீவில் பம்பாய் போனேன். செம்பூரில் என் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு அன்றே தாராவிக்குப் போனேன். கிளாராவும் அங்கே இருந்தாள், வந்து ஒரு மாதமாகியிருந்தது. அவள் புருஷன் ஓர் அரசு வளாகத்தில் ஒப்பந்த ஓட்டுநர். கேட் பாஸ் புதுப்பிக்க வேண்டியபோது போலீஸ் விசாரணை வந்தது. மைத்துனன் தேடப்படுகிறவன் என்று பதிவாகியிருந்தது. பாஸ் நின்றுவிட்டது. ஜூன் முடிவதற்குள் சரியாகாவிட்டால் வேலை போகும். போலீஸ் வருவது நிற்கிற வரைக்கும் அம்மா வீட்டில் இரு என்று மாமியார் அனுப்பிவிட்டாள். கிளாரா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "அவங்க வீட்டு வாசல்ல யூனிஃபார்ம் வந்து நின்னா அவங்களும் என்ன பண்ணுவாங்க, சாச்சா? பூரா சாலும், அத்தனை வீடும் பாக்குது" என்றாள்.

அண்ணன் மைனியிடம் ஏப்ரல் கடிதத்தைப் பற்றி அதுவரை பேசியிருக்கவில்லை. நான் வந்தபிறகு பேசலாம் என்று காத்திருந்தார் போலிருக்கிறது. மூன்று பேரும் கீழே உட்கார்ந்திருந்தோம். மைனி மாலாவிலிருந்து இறங்கி, ஜிப் நூல் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"போலீஸ்கிட்ட என்ன சொன்ன நீ?" என்று கேட்டார் அண்ணன்.

"கேட்டதுக்குச் சொன்னேன்."

"செத்துட்டான்னு சொல்ல வேண்டியதுதான?"

"செத்துட்டானான்னு அவரு கேக்கலையே. எங்கன்னுல்லா கேட்டாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன். இது வெறும் காகிதம் மைனி, நீங்கள் உறுதி கூறினால் ஓடிப்போனவன் என்ற பெயர் போய்விடும், தேடுவதை நிறுத்துவார்கள், கல்லில் பெயர் வரும், கிளாரா வீட்டுக்குப் போகலாம். நான் சொன்னதெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, தேடுவதை நிறுத்துவார்கள் என்று நான் சொன்ன இடத்துக்குத் திரும்பி வந்தாள்.

"நீங்க எல்லாரும் முப்பதாம் நாளோட நிறுத்திட்டீங்க," என்றாள். என்மேல் கோபமில்லாமல்தான் சொன்னாள். "கோயில்ல சாமியாரு ஆன்மா இளைப்பாற்றின்னாரு. பக்கத்து வீட்டுக்காரி பாவம்னா. அவன் உசுரோட இருக்கான்னு எழுதி வச்சிருக்கது ஒலகத்துல போலீஸ்காரரு கையில இருக்க அந்த ஒரு தாள்தான். மாசம் ஒரு மனுசன் வந்து, ஒம்மவன் எங்கன்னு கேக்கான். மேல ஏறி, நெசமாவே தேடுதான் தம்பி. பைய ஒவ்வொண்ணா நவுத்திப் பாக்கான். அவன் ஏறும்போது, இருந்துருவானோன்னு எனக்கே ஒரு நிமிசம் வருது."

அண்ணன் எழுந்து வெளியே போனார். சந்து முனை வரை போய் நின்றார் என்று கிளாரா பிறகு சொன்னாள். அங்கே இரண்டு பேனர்களும் இன்னும் கட்டியபடி இருந்தன, ஒன்று வெளிறி, ஒன்று புதிதாக. எதைக் கழற்றினாலும் ஆதாரத்தை அழித்ததாகும் என்று நான்தான் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

உறுதிமொழிப் படிவத்தில் மைனியின் கையெழுத்தை வாங்க மூன்று தடவை முயன்றோம். மைனி சண்டை போடவில்லை, அழவில்லை. படிவத்தை வாங்கி மடித்து, பைபிளுக்குள் வைத்துவிட்டு வேலைக்கு மேலே ஏறிவிடுவாள். நான் ரெக்கார்ட் ஆபீசுக்கு மின்னஞ்சல் எழுதினேன். தாயார் துயரத்தில் இருக்கிறார், தந்தையின் உறுதிமொழியை ஏற்க முடியுமா என்று கேட்டேன். தந்தை நெருங்கிய உறவினர் அல்ல என்று பதில் வந்தது. ஆனால் அந்த ஆபீசிலும் யாரோ ஒரு நல்லவர் இருந்திருக்க வேண்டும். சிறப்பு அனுமதியாக, தாயாரின் எண்ணுக்கு ஜூன் ஐந்தாம் தேதி பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் தொலைபேசியில் அழைத்துக் கேட்கப்படும் என்று எழுதினார்கள். தமிழ் தெரிந்த ஒருவர் பேசுவார். உங்கள் மகன் 18-ஆம் தேதி இறந்துவிட்டாரா என்ற ஒரே கேள்வி. ஆம், இல்லை, இரண்டில் ஒன்று. மூன்று முறை அழைக்கப்படும். மூன்றிலும் பதில் இல்லையென்றால் கோப்பு இப்போது இருக்கும் நிலையிலேயே, அதாவது ஓடிப்போனவர் என்றே, முடிக்கப்படும். அதற்கு மேல் மனு ஏற்கப்படாது.

ஜூன் ஆறாம் தேதி எனக்கு விமானம். ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்கே போய்விட்டேன். அண்ணன் கடைக்குப் போகவில்லை. ஷேவ் செய்து, கோயிலுக்குப் போடும் சட்டை போட்டிருந்தார். கிளாராவின் புருஷன் காலையிலேயே இரண்டு தடவை போன் செய்து கேட்டுவிட்டான். மைனி அன்று தைக்கவில்லை. தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய போன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின்மேல் இருந்தது. கரண்ட் போய்விடுமோ, டவர் கிடைக்காதோ என்று நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதை எடுத்துப் பார்த்தேன்.

பதினொன்று ஐந்துக்கு முதல் அழைப்பு வந்தது. மைனி கை நீட்டவில்லை. அடித்து நின்றது. இருபது நிமிஷம் கழித்து இரண்டாவது. அதுவும் நின்றபிறகு கிளாரா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அம்மா, ஏஞ்சலோ எனக்கும் தம்பிதான்" என்றாள். மைனி அவள் தலையில் கை வைத்தாள், எடுக்கவில்லை.

அண்ணன் ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் மைனியிடம் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை.

"சேசம்மா. நான்தான் தப்பா அடிச்சேன். ஒரு நாளு. அத நான் சுமந்துக்கிடுதேன். நீ ஆமான்னு மட்டும் சொல்லு. அந்தக் கல்லுல எடம் இருக்கு, நான் பாத்தேன். கிளாரா போய் அவ வீட்டுல இருக்கட்டும்."

"நீரு சொல்லுறது எல்லாம் சரிதான்," என்றாள் மைனி. "கிளாராவுக்காவ சொல்லத்தான் வேணும். எனக்குத் தெரியாமலா? ஆனா நான் ஆமான்னு சொல்லிப்போட்டா, பொறவு அவன யாரு தேடுவா? ஒரு ஆளச் சொல்லும். ஒரே ஒரு ஆளு."

அண்ணன் கட்டைவிரலை முதல் கணுவில் வைத்தார். பிள்ளைகளின் தேதியை விரலால் தொடச் சொல்லி எத்தனையோ பெற்றவர்களைத் தன் பக்கத்தில் நிறுத்தியவர். விரல் அடுத்த கணுவுக்கு நகரவில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஸ்டூல் அதிர்ந்தது. திரையில் அதே எண். மூன்றாவது அழைப்பு. ஆம் என்று சொல்ல ஒரு பெண் குரல் போதும், அவர்களுக்கு மைனியின் குரல் தெரியாது என்று ஒரு நினைப்பு எனக்கு வந்தது. கிளாராவுக்கும் வந்திருக்க வேண்டும், அவள் கை பாதி தூரம் போய் நின்றது. அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார், தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. மைனி போனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பச்சை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களுக்கு நடுவில் அது அடித்துக்கொண்டே இருந்தது.